ஹீட்டர் குழாயும் மறியலும்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்களில், எங்கள் மளிகைக் கடைக்குக் கல்வராயன் மலையிலிருந்து புளி ஏற்றிவர ஒரு பழைய கார் வைத்திருந்தேன். ஊட்டிக்காரர் ஒருவர் விற்றது, ஹீட்டரோடு வந்தது. கள்ளக்குறிச்சி வெயிலுக்கு ஹீட்டர் எதற்கு என்று ஊரே சிரித்தது. வீம்புக்கே கழற்றாமல் விட்டேன்.

ஒருநாள் மலையிறங்கி வரும்போது, மறியல்காரர்கள் மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருந்தார்கள். நான் பிரேக் போட்ட இடத்திலேயே இன்ஜின் வெந்நீரை ஹீட்டருக்குக் கொண்டுபோகும் ரப்பர் குழாய் பிய்ந்து பீய்ச்சியது.

"இன்னா பாய், ஒங்க காரே எங்களோட சேந்து மறியல்ல குந்திக்கிச்சே!" என்று சிரித்தார்கள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பிய்ந்ததைப் பிடுங்கி எறிந்தேன். கை சுட்டது, விடவில்லை. ஹீட்டரிலிருந்து இன்ஜினுக்குத் திரும்பி வரும் குழாயின் ஹீட்டர் பக்க முனையை உருவி, இன்ஜினில் பிய்ந்தது இருந்த இடத்தில் மாட்டிக் கம்பியால் இறுக்கினேன். இனி வெந்நீர் ஹீட்டர் பக்கமே போகாது. டிக்கியில் இருந்த தண்ணீரை ஊற்றினேன். இன்ஜின் உறுமியது.

"அதான் ரெடியாயிடுச்சே பாய், வந்த வழியே திரும்பிப் போங்க."

இன்ஜினை அணைத்தேன். மரத்துக்கு நேரெதிரே, நடுரோட்டில் துண்டை விரித்து உட்கார்ந்தேன்.

"நீங்க மரத்த எடுக்கிற வரைக்கும் நவுர மாட்டேன். மறியல் பண்ண ஒங்களுக்கு மட்டும்தான் தெரியுமா?"