ஞாயிற்றுக்கிழமைக் கை

திருச்சானூரில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு வாடகை சின்னது, நிபந்தனை பெரிது. கறி, மீன் மட்டுமல்ல, முட்டைகூட வாசற்படி தாண்டக் கூடாது. கோயில் தெருவில் துளசிமாலைக் கடை வைத்திருந்த வீட்டுக்காரர், பெருமாளுக்கு வேண்டிக்கொண்டு கவுச்சியை விட்டவர். அவர் விட்டதால் அவர் மனைவியும் விட்டார், குடிவந்த நாங்களும் விட்டோம். லாட்ஜில் வேலை பார்த்த நைனாவுக்கு அந்த வாடகையில் வேறு வீடு கிடைக்காது.

நாங்கள் ஒன்றும் பெரிய கறிப்பிரியர்கள் இல்லை. ஊரில் இருந்தபோதும் வாரமெல்லாம் கீரை, சாம்பார், ரசம்தான். ஞாயிறு மட்டும் கோழி. ஆனால் அந்த ஒன்று போனதும், சனிக்கிழமைக்குப் பிறகு இன்னொரு சனிக்கிழமை வருவதுபோல் இருந்தது.

ஆகவே ஞாயிறுதோறும் புத்தூரில் இருந்த அத்தை வீட்டுக்கு ரயிலேறினோம்.

"யார்னா கேட்டா, அத்தைக்குக் காலு ஒடிஞ்சி கட்டு போட்டுக்கினு கீறாங்கன்னு சொல்லு," என்று நைனா எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார். எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூரிலேயே, எங்கள் அத்தையின் கால் எலும்பு மட்டும் ஒரு வருஷமாக ஒட்டவே இல்லை. அவரோ குத்துக்கல் மாதிரி நின்று களி கிண்டுவார்.

களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் தின்றுவிட்டுத் திரும்பும் ரயில்தான் என் சொர்க்கம். மலைகள் எங்களோடு கூடவே வரும். கையைக் கன்னத்துக்கு அடியில் வைத்து அம்மா மடியில் படுத்தால், தூக்கம் முழுக்கக் குழம்பு மணக்கும். விழித்தேனா கனவு கண்டேனா என்றே தெரியாது.

ஒரு ஞாயிறு, ரயிலுக்கு நேரமாகிவிட்டதென்று வெறும் தண்ணீரில் கையை நனைத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கார அக்கா வாசலில் மருதாணி அரைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாடி, வெச்சி உடறேன்."

என் வலது கையை விரித்தார். பிறகு அதை முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தார். பூட்டைத் திறந்துகொண்டிருந்த அம்மாவின் கை அசையவில்லை. வீடு போயிற்று, என்னால் போயிற்று.

"காலு ஒடிஞ்சவங்க நல்லாத்தான் கொழம்பு வெச்சிக்கீறாங்க," என்றார் அக்கா மெதுவாக.

"இல்லக்கா, ரசம்தான் துன்னேன்."

"எங்கம்மா வூட்லயும் ஞாயித்துக்கெழமன்னா இந்த ரசம்தான்டி."

கண்ணை மூடிக்கொண்டார். கையை விடவில்லை. அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் உள்ளிருந்து வந்து, என்ன நடக்கிறதென்று தெலுங்கில் கேட்டார். அக்கா சட்டென்று ஒரு உருண்டை மருதாணியை என் உள்ளங்கையில் அப்பி, விரல்களை மூடினார். பாப்பாவுக்கு மருதாணி வைக்கிறேன் என்று தெலுங்கிலேயே பதில் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்பினார்.

யாரும் எங்களை வெளியே அனுப்பவில்லை. ஆனால் அம்மா அன்றிரவு சாப்பிடவே இல்லை. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. இனி என்னால் இந்த வீட்டுக்கு ஆபத்து வரக் கூடாது என்று முடிவு செய்தேன்.

அடுத்த ஞாயிறு, அத்தை வீட்டுக் குழாயடியில் எலுமிச்சம்பழத்தோலும் சோப்பும் போட்டுத் தோல் சிவக்கத் தேய்த்தேன். ரயிலில் தூங்கக்கூட இல்லை. வீட்டுக்கு வந்தபோது அக்கா வாசலில் காத்திருந்தார். அன்று அவர் முன்னால் மருதாணி இல்லை.

"கைய குடுடி."

தைரியமாக நீட்டினேன். முகர்ந்தார். புரட்டி, விரலிடுக்கில் முகர்ந்தார்.

"கழுவிட்டியா?"

"நல்லா தேச்சிக் கழுவிட்டேன்க்கா. ஒண்ணுமே வராது."

அவர் முகம் வாடியது. என் கையை மெதுவாகக் கீழே இறக்கிவிட்டு, எழுந்து உள்ளே போய்விட்டார். கோபமாகக் கேள்வி கேட்பார் என்று பயந்திருந்த எனக்கு அதுவே பெரிய வெற்றியாகத் தெரிந்தது. வீட்டைக் காப்பாற்றிவிட்டேன் என்று சொல்ல அம்மாவிடம் ஓடினேன்.