எங்கள் அடுப்பு எந்தப் பக்கம்?

தொல்லியல் சொல்லிக்கொடுக்கிறவள் என்ற கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. அந்தக் கர்வத்தோடுதான் கேமரன் மலையில் நான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கு நான்கு மாணவர்களோடு போய் இறங்கினேன். தொழிலாளர் வரிசை வீடுகளான பழைய லயத்தில் கூரையும் சுவரும் போய், பத்து வீடுகளின் அடித்தளம் மட்டும் புல்லுக்குள் கிடந்தது. அடுத்த வாரம் அங்கே தேயிலைக் கன்று நடப்போகிறார்கள். மானேஜர் மூன்று நாள் கொடுத்தார், அதுவும் ஒரே ஒரு வீட்டுக்கு.

எனக்கு எங்கள் வீடுதான் வேண்டும். சின்ன வயதில் விட்டு வந்தது, ஒரு படம்கூட இல்லை. கோடியிலிருந்து மூன்றாவதா நான்காவதா என்று மட்டும் சந்தேகம். பக்கத்துப் பக்கத்து வீடுகளுக்கு ஒரே புகைக்கூண்டு என்பதால், ஒன்றில் அடுப்பு இடப்பக்கம் இருந்தால் அடுத்ததில் வலப்பக்கம் இருக்கும். எங்களுடையது இடப்பக்கம். சந்தேகம் தீர்ந்தது.

கயிறு கட்டிக் கட்டம் பிரித்து மண்ணைச் சுரண்டி, கிடைத்த ஒவ்வொன்றுக்கும் கட்டத்தாளில் புள்ளி வைத்தோம். பெருக்குகிற வீட்டில் பெரிய சாமான் தங்காது. விளக்குமாற்றுக்குத் தப்பிய பொடிசுகள்தான் யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று சொல்லும். இரண்டாம் நாள் அடுப்போரம் புள்ளிகள் மொய்த்தன: சிலேட்டுக் குச்சித் துண்டுகள், ஒரு கோலி, சின்னக் கை வளையல் சில்லுகள்.

"தினமும் இங்கே ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருக்கிறாள். அது நான்தான்" என்று அறிவித்தேன். மாணவர்கள் கைதட்டினார்கள்.

மூன்றாம் நாள் மதியம், பக்கத்து ஊரான திரிங்காப்பில் முட்டைக்கோஸ் ஏற்றிய லோரியை ஓரங்கட்டிவிட்டு என் அண்ணன் வந்தார். பார்த்ததும் சிரிக்க ஆரம்பித்தார்.

"என்னா புரொபசரம்மா, இது நம்ம வூடு இல்ல லா! நம்ம அடுப்பு வலது பக்கம். இது பக்கத்து வூட்டு அக்கா குசினி."

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்குண்ணே!"

"இருக்கும், இருக்கும். அம்மா இருட்டுலயே வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுக்குப் போயிரும். அந்த அக்காவுக்குப் புள்ள இல்ல. அதுதான் உன்ன அடுப்புகிட்ட உக்கார வெச்சி ஊட்டும். நம்ம அடுப்ப நீ எப்ப பாத்த?"

மாணவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இருக்கிறதே! எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. புள்ளிகள் பொய் சொல்லவில்லை, அங்கே உட்கார்ந்தவள் நானேதான். வீட்டைத்தான் கோட்டைவிட்டிருந்தேன்.

"இன்னும் அரை நாள் இருக்குல்ல? கயித்த அடுத்த வூட்டுக்கு மாத்து. மானேஜர்கிட்ட நான் பேசறேன்" என்றார் அண்ணன். மாணவர்கள் கயிற்றை அவிழ்க்கப் போனார்கள்.

"வேணாண்ணே. அங்க நான் தூங்க மட்டும்தான போனேன்."

நான் உட்கார்ந்த இடத்துக்கு எதிரே அந்த அக்கா உட்கார்ந்திருக்கக்கூடிய இடம் இன்னும் தோண்டாமல் இருந்தது. மிச்ச அரை நாளும் அங்கேயே குந்தியிருந்தோம்.