நேற்றைய கிழங்கு

என் மனைவியை நான் அடித்திருக்கிறேன். கல்லில் கிடந்து சூடேறிய தோசைத் திருப்பியால், வலது மணிக்கட்டில். நான் குடித்திருக்கவில்லை. எனக்கு வேறு கஷ்டம் எதுவும் அன்று இல்லை. முன்னறையில் விருந்தாளிகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் முன்னால் குறைந்துபோனேன் என்று நினைத்தேன். அவ்வளவுதான் காரணம்.

வந்திருந்தவர்கள் கோயில் கமிட்டிக்காரர்கள். நான் அப்போது அரசுப் பள்ளியில் கணக்கு வாத்தியார். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் நடக்கும் தமிழ் வகுப்பை நான் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்க, சொல்லாமல் கொள்ளாமல் வந்துவிட்டார்கள். பர்மாவில், அலோன் பேட்டையில், எங்கள் வீடு மூன்றாவது மாடியில். நீளமான ஒரே கூடம், நடுவில் பலகைத் தடுப்பு, தடுப்புக்குப் பின்னால் சமையல்கட்டு. இந்தப் பக்கம் பேசுவது அந்தப் பக்கம் கேட்கும். அவர்களுக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது உள்ளே எண்ணெய் காயும் வாசம் வந்தது. எழுந்து போய்ப் பார்த்தேன். முதல் நாள் பூரிக்கு மசித்து மீந்துபோன உருளைக்கிழங்கை ஒரு கிண்ணத்தில் போட்டு, கடலை மாவும் பச்சை மிளகாயும் வெங்காயமும் சேர்த்துப் பிசைந்து, கல்லில் சின்னச் சின்ன ரொட்டியாகத் தட்டிக்கொண்டிருந்தாள். கிழங்கு ரொட்டி என்று எங்கள் வீட்டில் அதற்குப் பெயர்.

"நேத்து மிச்சத்தையா வந்தவங்களுக்குக் குடுக்கப் போற?" என்று மெல்லிய குரலில் கேட்டேன்.

"கெட்டுப் போகலீங்க. சூடாப் போட்டா நல்லாருக்கும். வேற என்ன இருக்கு வூட்ல?"

"என் மானத்த வாங்காத."

"கெழங்குல என்னங்க மானம்?" என்று சொல்லிச் சிரித்தாள். அவளுக்கு எப்போதும் சத்தமான சிரிப்பு. தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து வந்தவர்களில் ஒருவரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

திருப்பி கல்லின் மேல் கிடந்தது. எடுத்து அடித்தேன்.

அவள் கத்தவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். அதே திருப்பியால் கல்லில் இருந்ததைப் புரட்டிப் போட்டாள். வெந்ததும் தட்டில் அடுக்கி அவளே எடுத்துப் போய் வைத்தாள். நான் பின்னாலேயே போய் என் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர்கள் சாப்பிட்டார்கள். "அக்கா, இன்னும் ரெண்டு கெடைக்குமா?" என்று ஒருவர் கேட்டார். கூடச் சேர்ந்து சிரித்தவர்தான். அவள் உள்ளே போய் இன்னும் கொண்டுவந்தாள்.

தமிழ் வகுப்பு எனக்குக் கிடைத்தது. பல வருடங்கள் நடத்தினேன். பிள்ளைகளுக்கு ஆத்திசூடி சொல்லிக்கொடுத்தேன்.

மன்னிப்புக் கேட்கவில்லை. கொப்புளம் உடைந்து ஆறி, கோடுபோல ஒரு தழும்பாக நின்றது. அதற்குப் பிறகு அவள் கிழங்கு ரொட்டி செய்ததே இல்லை. கிழங்கு மீந்தால் பால்கனிக் கம்பியில் காக்கைக்கு வைப்பாள். நான் பார்த்துக்கொண்டிருப்பேன். நான் பார்ப்பது அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் அதைப் பற்றி ஒரு பேச்சும் நடந்ததில்லை. மற்றபடி சண்டை சச்சரவு இல்லாத குடும்பம் என்றுதான் தெருவில் பெயர்.

இப்போது அவளுக்கு நினைவு போய்க்கொண்டிருக்கிறது. முதலில் சாவி எங்கே என்று மறந்தாள். பிறகு சாப்பிட்டாளா இல்லையா என்பது. பிறகு மகளின் பெயர். ஒரு நாள் காலையில் நான் தேநீரோடு போனபோது, சாய்ந்து உட்கார்ந்திருந்தவள் மரியாதையாக நிமிர்ந்து உட்கார்ந்து, "அண்ணே, நீங்க எந்த வூடு?" என்று கேட்டாள்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து என்னை "ஏங்க" என்றும் "இந்தாங்க" என்றும் கூப்பிட்டவள். ஒரு பெண் தன் புருஷனை அண்ணே என்று கூப்பிட்டால் என்ன ஆகும் என்று நான் யோசித்ததே இல்லை. ஒன்றும் ஆகவில்லை. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. "பக்கத்து வூடு" என்று சொன்னேன்.

"அப்படியா. ஒக்காருங்க" என்றாள்.

பிறகு சாப்பிடுவதை நிறுத்தினாள். சோற்றை வாயருகே கொண்டுபோனால் உதட்டை இறுக்கிக்கொள்வாள். கீழ்வீட்டுப் பர்மியப் பெண் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா சேமியா கொண்டுவந்து கொடுத்துப் பார்த்தாள். இரண்டு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. "நாளைக்குச் சாப்பிடுவாங்க, ஸயா" என்று என்னைத் தேற்றினாள். பாடம் நடத்துவதை நிறுத்திய பிறகும் இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் நான் ஸயாதான், வாத்தியார்தான். மறுநாளும் அவள் சாப்பிடவில்லை. தோள் எலும்பு சட்டைக்கு மேலே தெரிய ஆரம்பித்தது. எது கேட்டாலும் கொடுங்கள், சாப்பிட்டால் போதும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் அவள் எதுவும் கேட்கவில்லை.

மகள் இன்சீனில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்தைச் சுற்றி ஓடும் ரயிலில் வருவாள். அந்த வாரம் வந்து அம்மா முன்னால் தரையில் உட்கார்ந்துகொண்டு, "அம்மா, என்ன வேணும்? எது வேணும்னாலும் சொல்லுங்க, செஞ்சு தர்றேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

என் மனைவி சமையல்கட்டுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "கெழங்கு ரொட்டி. ஆனா வேணாம். அவரு அடிப்பாரு."

"யாரும்மா?"

"எங்க வூட்டுக்காரரு."

மகள் என்னைப் பார்த்தாள். நான் அடித்த அன்று அவள் டியூஷனுக்குப் போயிருந்தாள். இந்த விஷயம் அவளுக்குத் தெரியாது. நான் பால்கனிப் பக்கம் பார்த்தேன்.

கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள். "அடிச்சீங்களாப்பா?"

"ஆமா."

செருப்பை மாட்டிக்கொள்வதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். "கெழங்கு ரொட்டி செய்யத் தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாது."

"கத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள்.

எங்கள் பால்கனியில் தெருவரைக்கும் தொங்கும் கயிறு ஒன்று இருக்கிறது, நுனியில் ஒரு கிளிப்போடு. இங்கே மாடி வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் காய்கறி வாங்குவது. மறுநாள் காய்கறி வண்டிக்காரி வந்ததும் குரல் கொடுத்தேன். கிழங்குப் பையைக் கிளிப்பில் மாட்டிவிட்டாள். இழுத்தேன். அவித்தேன், உரித்தேன், மசித்தேன், மாவு சேர்த்துப் பிசைந்து கல்லில் தட்டினேன். ஒட்டிக்கொண்டது. சுரண்டினால் களிபோல வந்தது. மாவை அதிகமாகப் போட்டேன். கல்லுபோல ஆனது. கீழ்வீட்டுப் பெண் கதவருகில் நின்று பார்த்துவிட்டு, "ஸயா, விடை தப்பா வருதா?" என்று பர்மியில் கேட்டுச் சிரித்தாள்.

இன்னொன்றும் நடந்தது. திருப்பியை நான் கையில் எடுத்ததைத் தடுப்பின் இடைவெளி வழியாக என் மனைவி பார்த்துவிட்டாள். வலது கையை மடிக்குள் இழுத்து மறைத்துக்கொண்டாள். நான் அதை அரிசி டின்னுக்குப் பின்னால் போட்டுவிட்டு, கடைக்குப் போய்த் தட்டையான மூங்கில் கரண்டி ஒன்று வாங்கிவந்தேன்.

அன்று தட்டாமல் மிஞ்சிய கிழங்கை மூடி வைத்தேன். மறுநாள் காலையில் அதை எறிய மனமில்லாமல் எடுத்துப் பார்த்தபோது கைக்கு இறுகலாக இருந்தது. தட்டினால் ஓரம் வெடிக்கவில்லை. கல்லில் போட்டேன், பொறுத்திருந்தேன், மூங்கில் கரண்டியை அடியில் விட்டதும் முழுசாக எழும்பியது. அப்போதுதான் தெரிந்துகொண்டேன். புதிதாக மசித்த கிழங்கு இதற்கு உதவாது. ஒரு ராத்திரி கிடந்து நீர் வற்றி இறுகினால்தான் ரொட்டி நிற்கும். அவள் அன்று நேற்றைய கிழங்கை எடுத்ததில் தவறு ஒன்றும் இல்லை. இதை நான் அடுப்பின் முன்னால் நின்றுகொண்டு தெரிந்துகொண்டேன். எண்ணெய் தெறித்தது, கையை உதறிக்கொண்டேன்.

ஆக, மிச்சத்தை நானே தினமும் உண்டாக்க வேண்டியிருக்கிறது. மின்சாரம் பாதி நாள் வராததால் எங்கள் பிரிட்ஜ் துணி வைக்கும் அலமாரிக்குச் சமம். சாயங்காலம் கிழங்கை மசித்து ஒரு த்வாண்டே மண்சட்டியில் போட்டு, சட்டியைத் தண்ணீர்த் தாம்பாளத்தில் நிறுத்தி, ஈரத்துணியால் மூடிப் பால்கனியில் வைக்கிறேன். வெயில் காலத்தில் சில நாள் புளித்துவிடும். முகர்ந்து பார்த்துக் கொட்டிவிடுவேன். நல்லதாக இருந்தால் கடலை மாவு, வெங்காயம், கொத்தமல்லி, கொஞ்சம் நுணுக்கிய காய்ந்த இறால். தெருப்பிள்ளைகள் "மீ லாபீ!" என்று கத்தினால் மின்சாரம் வந்துவிட்டது என்று அர்த்தம், மின் அடுப்பைப் போடுவேன். கத்தாவிட்டால் கரி அடுப்பு.

முதல் ரொட்டியை அவள் முன்னால் வைத்தபோது வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவைப் பார்த்தாள். பிறகு முறுகிய ஓரத்தை மட்டும் கிள்ளி வாயில் போட்டாள்.

"உப்புப் பத்தலண்ணே."

"நாளைக்குச் சரியாப் போடுறேன்."

"யாரு சொல்லிக்குடுத்தா ஒங்களுக்கு?"

"எம் பொண்டாட்டி செய்வா. பாத்திருக்கேன்."

"கெட்டிக்காரியாத்தான் இருக்கணும்" என்றாள். முழுவதையும் சாப்பிட்டாள். விரலில் இருந்த எண்ணெயை நான் துடைத்துவிட்டேன். அதன் பிறகு தினமும் சாப்பிட்டாள். ரொட்டிக்கு நடுவே ஒரு வாய் சோறும் இறங்கத் தொடங்கியது. முகத்தில் கொஞ்சம் சதை வந்தது. மகள் வந்து பார்த்துவிட்டுப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

இதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் படித்தவன். தவறை யாருக்குச் செய்தோமோ அவரிடமே சொல்லித் தீர்க்க வேண்டும் என்று எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் காலையில் அவள் தெளிவாக இருந்தாள். காற்றாடி ஓடிக்கொண்டிருந்தது. பாதி ரொட்டி கையில் இருந்தது.

"ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"சொல்லுங்கண்ணே."

"ஒன்ன அடிச்சது நாந்தான். நாந்தான் ஒன் வூட்டுக்காரன். தப்பு என்னோடது. மன்னிச்சுரு."

என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கையை. ரொட்டித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டே எழுந்து, சாமிப் படத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் போய் நின்றுகொண்டாள். உட்காரச் சொன்னேன். நான் பேசப் பேச உள்ளே ஒடுங்கினாள். கீழ்வீட்டுப் பெண்தான் வந்து கையைப் பிடித்து வெளியே அழைத்துவந்தாள். அன்று அவள் சாப்பிடவில்லை. அடுத்த நாளும் இல்லை. நான் அந்தப் பக்கம் போனால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். மகளுக்குச் சொல்லியனுப்பினேன். வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்தாள்.

நடந்ததைச் சொன்னேன். "ஒங்க மனசு ஆறணும்னு அவங்ககிட்ட போய்ச் சொன்னீங்களா?" என்றாள். "மறுபடியும் அடிச்சிருக்கீங்கப்பா. வேற ஒண்ணுமில்ல."

அவள் சொன்னது சரி.

மகள் சில நாள் தங்கி, கஞ்சியை வற்புறுத்திப் புகட்டினாள். நான் கீழே தெருவில் இருக்கும் தின்பண்டக் கடையின் பெஞ்சில் பகலைக் கழித்தேன். அதற்குள் நான் சொன்னதை என் மனைவி மறந்துவிட்டாள். நான் மன்னிப்புக் கேட்டது போய்விட்டது. அடித்தது போகவில்லை. ஒரு காலையில் மகள் மேலே வரச் சொன்னாள். "பக்கத்து வூட்டுக்காரரா வாங்க" என்றாள். வெளியில் நின்று கதவைத் தட்டினேன். என் வீட்டுக் கதவை நான் தட்டியது அதுதான் முதல் தடவை.

"வாங்கண்ணே" என்றாள் என் மனைவி. "ரொம்ப நாளா ஆளையே காணோம்."

உள்ளே போய்க் கல்லை அடுப்பில் வைத்தேன்.

இப்போது தினமும் அப்படித்தான். சாப்பிடுகிறாள். ஆனால் ஒரு புதுப் பழக்கம் வந்திருக்கிறது. நன்றாகச் சிவந்த ரொட்டியாகப் பார்த்து ஒன்றை ஒதுக்கி, சின்னத் தட்டில் வைத்து, இன்னொரு தட்டால் மூடுகிறாள். யாருக்கு என்று முதல் நாள் கேட்டேன்.

"அவருக்கு. பள்ளிக்கூடம் விட்டுப் பசியோட வருவாரு." பிறகு என் பக்கம் சாய்ந்து, "மிச்சம்னு மட்டும் சொல்லிறாதீங்கண்ணே" என்றாள்.

"சொல்லமாட்டேன்."

மத்தியானம் அவள் தூங்கிய பிறகு தட்டைத் திறந்து அதைச் சாப்பிடுகிறேன். அதற்குள் ஆறி, ஓரமெல்லாம் தோல் மாதிரி இழுபடும். முழுவதையும் சாப்பிட்டுவிடுவேன். அவள் எழுந்ததும் முதலில் அந்தத் தட்டைத்தான் பார்ப்பாள்.

"சாப்ட்டாரா?"

"சாப்ட்டாரு."

"ஒண்ணும் சொல்லலியே?"

"நல்லாருக்குன்னாரு."

இன்றைக்கும் அப்படித்தான் சொன்னேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"போங்கண்ணே. அவரு அப்படியெல்லாம் சொல்ற ஆளில்ல" என்று சொல்லிச் சிரித்தாள். பழைய சத்தமான சிரிப்பு. கீழ்வீட்டுக்கும் கேட்டிருக்கும்.

நான் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினேன். நாளைக்கான கிழங்கை வேகப் போட்டேன்.