சபையில் விட்டு வந்த கைத்தடி

வெள்ளிக்கிழமைதோறும் என்னோடு ஒரே கூடத்தில் உட்கார்ந்து ஜெபிக்கிறவர்களுக்கும், எங்கோ இருந்து இதை வாசிக்கிறவர்களுக்கும் என் அன்பு. என் பெயர் செல்வராணி. சொந்த ஊர் நாசரேத் பக்கம். பஹ்ரைனில் ஈசா டவுனில் குடியிருக்கிறேன். ஒரு தனியார் பள்ளிக்கூட ஆபீஸில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். போன வருடம் நம் சபையில் நான் ஒரு சாட்சி சொன்னேன். அதில் பாதி சரியில்லை. அதைத் திருத்தாமல் எனக்கு நிம்மதி இல்லை. நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். களைத்துப் போனவளுக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு நாள் காலை, ஆபீஸில் ஒரு பிள்ளைக்கு டி.சி. அடித்துக்கொண்டிருந்தேன். பிரின்ட் எடுக்க எழுந்தேன். இடது கால் கூட வரவில்லை. மரத்துப்போயிருக்கும் என்று உதறினேன். உதறவும் முடியவில்லை. நாற்காலியோடு சாய்ந்து விழுந்தேன்.

அரசு ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் கிடந்தேன். முதுகுத்தண்டு நரம்பில் அழற்சி என்றார்கள். அடியோடு குணமாகிற வியாதி இல்லை, அடக்கி வைக்கிற வியாதி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரை நாள் படுத்து ட்ரிப் ஏற்றிக்கொள்ள வேண்டும். ஏற்றினால் அடுத்த தாக்குதலைத் தடுக்கலாம். விட்டால் ஒரு காலோடு நிற்காது. டாக்டரம்மா பஹ்ரைன்காரி, மெதுவாகப் பேசுகிறவர். கைத்தடி இல்லாமல் நடக்கக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் என் மகள் ஜெனிட்டா, அந்தத் தடியின் கைப்பிடிக்குக் கீழே மஞ்சள் டேப்பைச் சுற்றிவிட்டாள். "லாஸ்ட் ஆகாது மம்மி," என்றாள்.

என் வீட்டுக்காரர் இறந்து ஏழு வருடம் ஆகிறது. நானும் மகளும்தான். என்னைப் போலப் பிழைக்க வந்தவர்களுக்கு இந்த ஊரில் எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறது. வேலை இருந்தால் விசா. விசா இருந்தால் அரசு ஆஸ்பத்திரியில் வைத்தியம். வைத்தியம் இருந்தால்தான் கால். கால் இருந்தால்தான் வேலை. ஒரு முடிச்சு அவிழ்ந்தால் மொத்தமும் போச்சு. ஊருக்குப் போய்விடலாமே என்று சிலர் சொன்னார்கள். ஊரில் எனக்கு வேலை யார் வைத்திருக்கிறார்கள்? இந்த மருந்தை அங்கே கைக்காசில் வாங்கிப் போட எனக்கு வழி இல்லை.

பள்ளிக்கூடத்தில் என்னைக் கைவிடவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். விசா புதுப்பிக்கும்போது ஒரு ஃபாரம் தருவார்கள். நீண்டநாள் வைத்தியம் ஏதும் உண்டா, வேலை செய்கிற இடத்தில் வசதி ஏதும் தேவையா என்று அதில் இரண்டு கேள்வி. வியாதி வந்த பிறகு முதல் தடவை அது வந்தபோது இரண்டுக்கும் "ஆம்" என்று எழுதி, டாக்டரம்மாவின் கடிதத்தையும் வைத்தேன். கீழ்த்தளத்தில் எனக்கு இடம் போட்டுக் கொடுத்தார்கள். ட்ரிப் நாளுக்கு லீவும் கொடுத்தார்கள்.

இனி நான் சொல்ல வெட்கப்படுகிற பகுதி.

போன வருடம் நம் கூடத்தில் மூன்று நாள் விசேஷக் கூட்டம் நடந்தது. கடைசி நாளில் வியாதியஸ்தருக்காக ஜெபித்தார்கள். நானும் முன்னால் போனேன். ஜெபிக்கும்போது காலில் ஒரு சூடு பரவியது. அது பொய் இல்லை, இன்றைக்கும் சொல்வேன். தடியைப் பிடிக்காமல் மேடையிலிருந்து கதவு வரைக்கும் நடந்தேன். நீங்கள் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினீர்கள். எனக்கு அழுகை வந்தது. தடியைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குப் போனேன். அடுத்த வெள்ளிக்கிழமை மைக்கைப் பிடித்து, "நான் பூரண சுகமானேன்," என்று சாட்சி சொன்னேன்.

அந்தச் சூடு பத்து நாள் இருந்தது. பதினோராம் நாள் கால் பழையபடி கனத்தது.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. சுகத்தை வாயால் அறிக்கை செய்துவிட்டால், பிறகு வியாதியை வாயில் எடுக்கக்கூடாது. எடுத்தால் பெற்றது போய்விடும் என்று பயம். எனக்கு யாரும் கெடுதல் நினைக்கவில்லை. "விட்டுராதீங்க சிஸ்டர், அறிக்கை பண்ணிட்டே இருங்க," என்று பாசமாகத்தான் சொன்னார்கள். நானும் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தேன். கடைக்குப் போனால் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொள்வேன். பஸ்ஸில் கடைசியாக இறங்குவேன். யார் கண்ணிலும் படாமல் நொண்டுவதில் நான் கெட்டிக்காரி ஆகிவிட்டேன். மகள் மட்டும் ஒருநாள் சொன்னாள்: "மம்மி, நீங்க காலை இழுக்கற சவுண்ட் எனக்குக் கேக்குது. ஐ'ம் நாட் ஸ்டுப்பிட்." அவளை அதட்டி வாயை மூடினேன்.

ஆஸ்பத்திரியில் ட்ரிப் நாள் வந்தது. "மாஃபி முஷ்கிலா?" என்று டாக்டரம்மா சிரித்துக்கொண்டே கேட்டார். பிரச்சினை ஒன்றும் இல்லையே என்று அர்த்தம். "மாஃபி," என்றேன். நடந்து காட்டச் சொன்னார். நடந்து காட்டினேன். மருந்து வேண்டாம் என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். நான் வெற்றி பெற்றவள் மாதிரி வெளியே வந்தேன்.

இந்த ஜனவரியில் பள்ளிக்கூடத்தில் மறுபடியும் அந்த ஃபாரம் வந்தது. மார்ச் முடிவில் என் விசா முடிகிறது. நீண்டநாள் வைத்தியம் உண்டா? இல்லை. வசதி தேவையா? இல்லை. பதினோரு வருடம் மற்றவர்களுக்கு சர்டிபிகேட் அடித்துக் கொடுத்தவள் நான். ஒரு பிள்ளையின் பிறந்த தேதியில் ஒரு எண் மாறினால் மொத்தத்தையும் கிழித்துப் போட்டுப் புதிதாக அடிப்பேன். அந்தக் கையால்தான் இதையும் எழுதினேன். வசதி வேண்டாம் என்று எழுதியவளுக்கு எதற்குக் கீழ்த்தளம்? என் மேஜை மாடிக்குப் போனது.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை அந்த மாடிப்படியில் விழுந்தேன். இந்தத் தடவை இடது கையும் சேர்ந்து மரத்திருந்தது.

எங்கள் ஹெச்.ஆர். மேனேஜர் பினு சார், திருச்சூர்க்காரர். கோபப்படத் தெரியாதவர். என் பழைய ஃபாரத்தையும் புது ஃபாரத்தையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "மேடம், இதில் ஏது கரெக்ட்? மேனேஜ்மென்ட் கேட்டா நான் எந்தா சொல்லும்?" என்றார். வேலை செய்ய முடியும் என்று ஆஸ்பத்திரிக் கடிதம் வந்தால்தான் விசாவுக்கு அனுப்ப முடியும் என்றார். ஆஸ்பத்திரி கவுன்டருக்கு போன் செய்தேன். நான் மருந்தை மறுத்துவிட்டதால் என் பெயர் ட்ரிப் ஏற்றுகிறவர்கள் பட்டியலில் இல்லை, புதிதாகத்தான் வர வேண்டும், மே மாதம்தான் தேதி என்றார்கள். மார்ச்சோடு என் விசா முடிகிறது, விசாவோடு வைத்தியமும் முடிகிறது. கடிதம் இருந்தால்தான் விசா, விசா இருந்தால்தான் கடிதம். என் கையாலேயே போட்ட முடிச்சு.

அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பழைய ரெஜிஸ்டர் வைத்திருக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முழங்கால் போட முடியாது, போட்டால் எழ முடியாது. ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்தேன். பெரிய ஜெபம் ஒன்றும் வரவில்லை. சுகம் தாரும் என்று கேட்கவும் தெம்பில்லை. "அப்பா, எனக்கு முடியல. நடிச்சு நடிச்சு அலுத்துப்போச்சு. இதுக்கு மேல நீரே பாத்துக்கிடும்," என்று மட்டும் சொன்னேன். உங்கள் முன்னால் மைக்கில் ஜெபித்த எத்தனையோ ஜெபங்களைவிட அதுதான் என் உண்மையான ஜெபம் என்று இப்போது நினைக்கிறேன்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை சபைக்குப் போனேன். நாற்காலி நாற்காலியாகப் பிடித்து நடந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ஆராதனை முடிந்து எல்லோரும் பிரியாணிக்குப் போனார்கள். கூடத்தைப் பெருக்குகிற சாந்தி அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார்கள். சாயர்புரத்துக்காரர்கள். இங்கே ஒரு வீட்டில் வேலை பார்க்கிறார்கள், வெள்ளிக்கிழமை மட்டும்தான் லீவு. அதிலும் பாதி நேரம் நம் கூடத்தைப் பெருக்கியே போகிறது. அவர்கள் கையில் என் தடி இருந்தது. மஞ்சள் டேப் அழுக்கேறியிருந்தது.

"அக்கா, இதை இன்னும் தூரப் போடலையா?" என்று கேட்டேன்.

"நீ நடந்து போன அன்னைக்கே எடுத்து அலமாரிக்குப் பின்னால வச்சிட்டேன். என்னைக்காவது நீ கேப்பன்னு தெரியும்."

"எனக்கு சுகம் ஆயிட்டுன்னு நீங்க நம்பலையா?"

"நம்புனேன். ஆனா நாந்தான உன் பின்னால தரையைப் பெருக்குதேன். ஒரு பக்கம் இழுத்த கோடு விழுது. வாரா வாரம் பாக்கேன்." தடியை என் கையில் வைத்தார்கள். பிறகு, "என்னத்துக்கு அழுத? பிடிச்சு நட," என்றார்கள்.

நான் அழுதது தடிக்காக இல்லை. நான் கேட்பதற்கு ஒரு வருடத்துக்கு முன்னாலேயே எனக்கு வேண்டியதை ஒருவர் எடுத்து வைத்திருந்தார். செய்தது சாந்தி அக்கா, செய்ய வைத்தது யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை இங்கே வேலை நாள்; லீவு சொல்லிவிட்டு, தேதி இல்லாமலேயே ஆஸ்பத்திரிக்குப் போனேன். தடியோடு போனேன். மே மாதம் என்றுதான் மறுபடியும் சொன்னார்கள். பரவாயில்லை என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். நாலரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மத்தியானத் தொழுகைக்கு எழுந்து போன டாக்டரம்மா என்னைத் தாண்டிப் போய், நின்று, திரும்பி வந்தார். முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, மஞ்சள் டேப்பைத்தான் பார்த்தார். "யெல்லோ ஸ்டிக்," என்றார். பழைய நாளில் அதைச் சொல்லித்தான் என்னைக் கேலி செய்வார்.

தொழுதுவிட்டு வந்து உள்ளே கூப்பிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். சுகமாகிவிட்டது என்று சபையில் சொல்லிவிட்டதால் உங்களிடமும் பொய் சொன்னேன் என்றேன். அவர் திட்டவில்லை. கம்ப்யூட்டரில் என் பழைய பக்கத்தைத் திறந்து, அன்றைக்குத் தான் எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டினார். நோயாளி இன்று மருந்து வேண்டாம் என்கிறார். இடது செருப்பின் முனை மட்டும் தேய்ந்திருக்கிறது. திரும்பி வந்தால் எந்த நாளானாலும் என்னிடம் அனுப்பவும். இதுதான் அதில் இருந்தது. கவுன்டரில் அந்தப் பட்டியலை மட்டும் பார்த்திருக்கிறார்கள், இதை யாரும் திறக்கவில்லை. "நானும் தொழுகிறவள்தான். தொழுதுவிட்டு மாத்திரையும் போடுகிறேன்," என்று இங்கிலீஷில் சொல்லிவிட்டு, கடிதம் எழுத ஆரம்பித்தார். அடுத்த புதன்கிழமை எனக்கு ட்ரிப் ஏறியது.

பினு சாரிடம் கடிதத்தோடு புது ஃபாரமும் கொடுத்தேன். இரண்டு கேள்விக்கும் "ஆம்". கீழே என் கைப்பட, முன்பு எழுதியது தவறு, மன்னிக்க வேண்டும் என்று எழுதியிருந்தேன். அவர் இரண்டு தடவை வாசித்தார். "இத்ர வருஷத்தில் மேடத்தோட டி.சி. ஒண்ணுகூட திரும்பி வந்திட்டில்ல. இது மட்டும் எப்படி?" என்று கேட்டார்.

"பயம் சார்."

அவர் ஃபாரத்தை எடுத்துக்கொண்டு தானே மேனேஜ்மென்ட் அறைக்குப் போனார். மூன்று நாள் பதில் இல்லை. நான்காம் நாள் என் மேஜை கீழே வந்துவிட்டது. மேஜை வந்த பிறகுதான் செய்தி வந்தது. விசா புதுப்பித்தாயிற்று. எப்போதும்போல் இரண்டு வருடத்துக்கு இல்லை, ஒரு வருடத்துக்கு. அடுத்த மார்ச்சில் மறுபடியும் கடிதம், மறுபடியும் ஃபாரம். இருந்தாலும் ஒரு வருடம். அதற்குள் இரண்டு ட்ரிப். மகளுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்துவிடும். ஸ்தோத்திரம்.

கை சரியாகிவிட்டது. கால் சரியாகவில்லை. இனி ஆகும் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. சுகம் தருகிற தேவனை நான் மறுதலிக்கவில்லை, அவர் நினைத்தால் நாளைக்கே நான் ஓடுவேன். ஓடினால் அன்றைக்கு உங்கள் முன்னால் ஓடிக் காட்டுகிறேன். அதுவரைக்கும் நொண்டுகிறேன், நொண்டுகிறேன் என்றே சொல்கிறேன்.

ஈஸ்டருக்கு அடுத்த வெள்ளிக்கிழமை நம் கூடத்தில் இதை மைக்கில் சொன்னேன். தடியோடு போய்ச் சொன்னேன். இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை. சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு முகம் சுருங்கிப்போனது, மறைக்க மாட்டேன். வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போது, சபை மூப்பர் தாசன் அண்ணாச்சி பக்கத்தில் வந்தார். போன வருடம் எனக்காக முதலில் எழுந்து கை தட்டியவர் அவர்தான். அங்கும் இங்கும் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அம்மா, நானும் சக்கரைக்கு மாத்திரைய பாத்ரூம்ல ஒளிச்சு வச்சுத்தான் போடுதேன். ரெண்டு வருசமா. வீட்டுக்காரிக்கே தெரியாது." சொல்லி முடித்ததும் அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது.

இதை வாசிக்கிறவர்களே, நீங்களும் எதையாவது அலமாரிக்குப் பின்னால் விட்டு வந்திருக்கலாம். போய் எடுத்துக்கொள்ளுங்கள். டாக்டர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். ஃபாரத்தில் உள்ளதை எழுதுங்கள். ஜெபத்தையும் விடாதீர்கள். நம் அப்பாவுக்கு முன்னால் நடிக்க வேண்டியதில்லை, அவர் நம் செருப்பின் தேய்மானத்தை எப்போதோ பார்த்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் கூடத்துக்கு வாருங்கள். கடைசி வரிசையில் ஓர நாற்காலி என்னுடையது. பக்கத்து நாற்காலியில் மஞ்சள் டேப் சுற்றிய ஒரு தடி சாய்ந்திருக்கும். அதை என்னிடம் எடுத்துக் கொடுத்துவிட்டு உட்காருங்கள்.