முன்வரிசை டிக்கெட்டுகள்

நானும் என் வீட்டுக்காரரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது ஒரு மேடையில்தான். கடம்பத்தூர் பக்கத்தில் எங்கள் ஊர் சர்ச்சில் கிறிஸ்துமஸ் நாடகம். அவர் ஏரோது ராஜா. நான் ராஜாவுக்கு விசிறி வீசுகிற பணிப்பெண். எனக்கு ஒரே ஒரு வசனம். அன்றைக்கு மைக் பழுதாகிவிட்டது. மற்றவர்கள் பேசியது முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கே கேட்கவில்லை. அவர் வாயைத் திறந்ததும் ரோட்டில் போனவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்து நின்றார்கள். அந்தக் குரலுக்காகத்தான் அவரைக் கட்டிக்கொண்டேன் என்று சொன்னால் என் மகள் சிரிப்பாள். சொல்வதற்கு வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

கல்யாணமான கையோடு கும்மிடிப்பூண்டிக்கு வந்துவிட்டோம். பழுக்கக் காய்ச்சிய இரும்பைப் பெரிய சம்மட்டி இயந்திரத்தில் வைத்து அடித்து, லாரிக்கு வேண்டிய பாகங்கள் செய்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. நான் கையுறை தைக்கிற கம்பெனியில். எங்கள் இரண்டு பேருடைய பெற்றோரும் கடைசிவரை அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். மாதாமாதம் வங்கியில் சம்பளம் விழுவது என்பது எங்கள் குடும்பங்களில் எங்களிலிருந்துதான் ஆரம்பித்தது. அதனால் அவர் அந்த வேலையை எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதை யாரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

மெட்ராசுக்குப் போய் ஒரு நல்ல நாடகம் பார்க்க வேண்டும் என்று வந்த புதிதிலேயே பேசிக்கொண்டோம். மின்சார ரயிலில் ஏறினால் போய்விடலாம். ஆனால் அவருக்கு ஷிஃப்ட், எனக்கு ஓவர்டைம், மகளின் படிப்பு, மாமியாரின் வைத்தியம் என்று வருஷங்கள் ஓடின. பக்கத்தில் இருக்கிற ஊர்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்றே போகாமல் இருந்தோம்.

மகள் நர்சிங் முடித்துத் திருவள்ளூரில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவர் கம்பெனியில் இயந்திரங்களை நிறுத்திப் பழுது பார்ப்பார்கள், அவருக்கு லீவு. அந்த நாட்களை மனதில் வைத்து அவள் கேட்டாள்.

"அம்மா, நீயும் நைனாவும் எங்கனா போயிட்டு வாங்க. செலவு என்னுது. வேளாங்கண்ணி போறியா, ஊட்டி போறியா?"

"மெட்ராஸ்" என்றேன். "மூணு நாளு ரூம் போட்டு தங்கிக்கினு, நாடகமா பாத்துட்டு வரோம்."

"இன்னாம்மா நீ! காலைல போயி சாயங்காலம் வர ஊருக்கு யாராச்சும் ரூம் போடுவாங்களா?"

"நாங்க போடுவோம்."

அவள் சிரித்துவிட்டுக் கட்டிலில் எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் திட்டம் போட்டதில்லை. சீசன் நேரம் என்பதால் ஊர் முழுக்க நாடகங்கள். முதல் நாளுக்கு ஒரு பெரிய பாட்டு நாடகம் கிடைத்தது. ராஜா கதை, மேடையிலேயே கப்பல், ஐம்பது அறுபது பேர் ஆடுகிறார்கள், மேளமும் வாத்தியமும் நேரடியாக வாசிக்கிறார்கள். இரண்டாம் நாளுக்கு மயிலாப்பூரில் ஒரு சபாவில் குடும்ப நகைச்சுவை. மூன்றாம் நாள் சின்ன அரங்கம் ஒன்றில் காலேஜ் பிள்ளைகள் போடுகிற நாடகம். அப்பாவும் மகனும் ஒரு அறையில் உட்கார்ந்து பேசுவது மட்டும்தான் கதை என்று போட்டிருந்தது. எனக்கு அதைத்தான் ரொம்பப் பார்க்க வேண்டும் என்றிருந்தது.

அவர் பாட்டு நாடகத்துக்கு மட்டும் தலையாட்டினார்.

"பேசிக்கினே இருக்குற நாடகத்த காசு குடுத்து பாக்கணுமா? மூணு நாளும் அந்தப் பாட்டு நாடகத்துக்கே போலாம்."

"நைனா, ஒரே நாடகத்த மூணு தபாவா?" என்று மகள் கேட்டாள்.

"இன்னா தப்பு?"

எனக்குச் சுருக்கென்றது. ஏரோதாக நின்று வசனம் பேசிய மனிதர், பேசுகிற நாடகம் வேண்டாம் என்கிறார். சரி, எல்லாவற்றிலும் விட்டேற்றியாகிவிட்ட மாதிரி இதிலும் என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஒன்றிரண்டு வருஷங்களாக எங்களுக்குள் அதுதான் சண்டை. கறிவேப்பிலை வாங்கி வரச் சொன்னால் வெறும் கையோடு வருவார். கூப்பிட்டால் திரும்ப மாட்டார். "நான் சொன்னா எதையுமே காதுல வாங்குறதில்ல" என்று அக்கம்பக்கத்தில்கூடச் சொல்லியிருக்கிறேன். டிவி சத்தத்தை ஏற்றி வைப்பார், நான் குறைப்பேன், எழுந்து வாசலுக்குப் போய்விடுவார்.

கடைசியில் மூன்று நாடகத்துக்கும் சம்மதித்தார். ஆனால் மூன்றிலும் முன்வரிசை டிக்கெட்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். மகள் பின்னால் இருந்த சீட்டுகளைக் காட்டினாள். அங்கிருந்து பார்த்தால் மேடை முழுதும் தெரியும் என்றாள். "இன்னா ஆனாலும் சரி, மொத வரிசை" என்றார். மனிதருக்கு உள்ளுக்குள் ஆசை இருக்கிறது, வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன் என்கிறார் என்று எனக்கு மனசு நிறைந்துபோனது. எழும்பூரில் லாட்ஜ் எடுத்தோம். லாட்ஜ்காரர் போன் செய்தபோது என் வீட்டுக்காரர் போனை என்னிடம் நீட்டினார். அதையும் நான் கவனிக்கவில்லை.

முதல் நாள் மாலை, சொல்லப்போனால், எங்கள் கல்யாண நாளைவிட நன்றாக இருந்தது. திரை விலகியதும் மேடையின் இரண்டு பக்கமும் பெரிய பெரிய பறைகளை அடித்தார்கள். உட்கார்ந்திருந்த நாற்காலி அதிர்ந்தது. அவர் என் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். அங்கேயும் அதிர்ந்தது. கப்பல் வந்தது, புயல் வந்தது, துணியை ஆட்டி அலை காட்டினார்கள். அவர் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்து இட்லி சாப்பிட்டோம். பரிமாறின பையன், "சட்னியா சார், சாம்பாரா?" என்று கேட்டான், இவர், "ஆமா, கும்மிடிப்பூண்டி" என்றார். நானும் அந்தப் பையனும் சிரித்தோம். அவரும் சிரித்தார்.

மறுநாள் மயிலாப்பூர் சபா. சின்ன அரங்கம், மாமிகளும் வயசானவர்களும் நிறைய. நாடகம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே அரங்கம் சிரிப்பில் குலுங்க ஆரம்பித்தது. நானும் சிரித்துவிட்டு அவரைப் பார்த்தேன். அவரும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் தாமதமாக. அடுத்த சிரிப்பிலும் அப்படியே. அப்புறம் நான் மேடையைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவரையே பார்க்கத் தொடங்கினேன். அவர் நடிகர்களின் வாயையே கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு எழும்பும்போது ஓரக்கண்ணால் பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்து, அவர்கள் பல் தெரிந்ததும் தானும் பல்லைக் காட்டினார். மார்கழிக் குளிர் இருந்தும் அவர் நெற்றி வேர்த்திருந்தது.

இடைவேளைக்குப் பிறகு ஒரு காட்சி. மருமகளை எப்போதும் திட்டிக்கொண்டிருந்த மாமனார், தன் செத்துப்போன மனைவியின் புடவையை மடித்து வைத்துக்கொண்டு மெல்லிய குரலில் பேசுகிறார். அரங்கத்தில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. விளக்கைக் குறைத்திருந்தார்கள், நடிகர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். அப்போது இவர் என் பக்கம் சாய்ந்து, ரகசியம் பேசுவதாக நினைத்துக்கொண்டு கேட்டார்.

"இன்னா மே, முடிஞ்சிடுச்சா?"

மைக் இல்லாமல் ரோடு வரைக்கும் கேட்ட குரல் அது. மேடையில் இருந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். "குடிச்சிட்டு வந்துட்டாங்க. வெளியில அனுப்புங்க சார்" என்று ஒரு ஆள் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. இவருக்குக் கேட்கவில்லை. ஆனால் முன்வரிசையில் இருந்த அத்தனை முகங்களும் தன் பக்கம் திரும்பியதைப் பார்த்தார். எழுந்து, குனிந்தபடி, பக்கத்துக் கதவு வழியாக வெளியே போனார். நான் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன்.

வெளியே ரோட்டில் பூக்கடை ஓரமாக நின்றுகொண்டிருந்தார்.

"உங்களுக்கு இன்னா ஆச்சு? காது கேக்கலியா?" என்றேன்.

என் வாயைப் பார்த்தார். ஒரு பஸ் போனது. நான் மறுபடி கத்திக் கேட்டேன். பூக்காரம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"ரொம்ப நாளாச்சு" என்றார். "சம்மட்டி செக்‌ஷன்ல பாதிப் பேருக்கு இதான். எனக்கு ஜாஸ்தி ஆயிடுச்சு."

"எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா நீ புள்ளகிட்ட சொல்லுவ. புள்ள வந்து கம்பெனில சொல்லணும்னு நிக்கும். அன்ஃபிட்டுன்னு எழுதி ஊட்டுக்கு அனுப்பிடுவான்."

"கம்பெனிலதான் வருஷா வருஷம் டெஸ்ட் எடுக்குறாங்களே?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கம்பெனிக்கு வருகிற வேனில் வைத்து எடுப்பார்களாம். காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொல்வார்களாம். டெஸ்ட் எடுக்கிற பெண் கருவியைத் தட்டும்போதெல்லாம் அவள் தோள் லேசாக அசையும். அதைப் பார்த்து அமுக்கிவிட்டு வருவாராம். செக்‌ஷனில் இன்னும் சில பேருக்கு அவர்தான் அதைச் சொல்லிக் கொடுத்தாராம்.

"ஒண்ணுமே கேக்காதா?"

"மேளம் கேக்கும். லாரி கேக்கும். ஆம்பளைங்க பேசுறது தூக்கலா பேசுனா வரும்." பூக்கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "உன் கொரல்தான் மொதல்ல போச்சு."

நான் அங்கேயே அந்தப் பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் நாடகத்துக்குப் போகவில்லை. "நீ மட்டும் போயி பாரு, நா வெளில குந்திக்கினு இருக்கேன்" என்றார். நான் துணியை மடித்துப் பையில் வைத்தேன். ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து மீஞ்சூர் தாண்டுவது வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் மகள் ஆசையாக, "நாடகமெல்லாம் எப்படி நைனா?" என்று கேட்டாள். "கப்பல் வந்துச்சு" என்றார்.

மகள்தான் அவரைத் தன் ஆஸ்பத்திரியில் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். உள்ளே இருக்கிற நரம்பு செத்துவிட்டது, இனி திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்ற வேண்டுமானால் அந்தச் சத்தத்தை விட்டு வெளியே வரவேண்டும் என்று டாக்டர் சொன்னார். காதுக் கருவி வாங்கினோம். வீட்டில் அதைப் போட்டால் பாத்திரம் வைக்கிற சத்தத்துக்கே துடித்தார். கம்பெனிக்குப் போட்டுக்கொண்டு போகவே முடியாது. போட்டால் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சொல்லிவிடுங்கள் என்று மகள் அழுதாள். "உன் கல்யாணம் முடியட்டும்" என்றார். எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிந்தது. நான் எந்தப் பக்கமும் பேசவில்லை.

வெயில் காலம் தொடங்கின சமயம், கம்பெனி யார்டில் சரக்கு தூக்குகிற வண்டி அவருக்குப் பின்னால் வந்தது. ஹார்ன் அடித்தானாம். தள்ளி நின்ற ஆட்கள் கத்தினார்களாம். இவர் குனிந்து கையுறையை மாட்டிக்கொண்டிருந்திருக்கிறார். இடது பாதத்தின் மேல் சக்கரம் ஏறிவிட்டது. மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

ஹார்ன் அடித்தும் ஏன் நகரவில்லை என்று விசாரணை. இந்த முறை வேனில் இல்லை. ஒரு சத்தமில்லாத அறையில் சுவரைப் பார்க்க உட்கார வைத்து டெஸ்ட் எடுத்தார்கள். கூடப் போன மகள் கண்ணாடி வழியாகப் பார்த்தாளாம். பட்டனைக் கையில் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாராம், போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி. குறையை மறைத்து வேலை செய்தார், அதனால் விபத்துக்குக் கம்பெனி முழுப் பொறுப்பாகாது என்று முடிவு செய்து, ஒரு தொகையைக் கொடுத்து வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அந்தக் காது எங்கே போனது என்று யாரும் விசாரிக்கவில்லை. சங்கத்துக்காரர் ஒருவர் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். கேஸ் போடலாம் என்றார். போட்டிருக்கிறோம், நடக்கிறது.

வீட்டில் அவர் முதலில் எல்லாவற்றையும் கத்திப் பேசினார். அடுத்த வீட்டில் எட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரிந்ததும் குரலைக் குறைத்தார். பிறகு அது எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அவருக்குத் தெரியாமல் போய், பாதி வார்த்தை எனக்கே கேட்பதில்லை. இப்போது அனேகமாகப் பேசுவதே இல்லை. நான் ஏதாவது சொல்ல வேண்டுமானால் தோளைத் தொட்டு, முகம் தெரிகிற மாதிரி வெளிச்சத்தில் நின்று சொல்கிறேன். சின்ன விஷயங்களைச் சொல்வதை விட்டுவிட்டேன். பக்கத்து வீட்டில் கோழி குஞ்சு பொரித்தது, தையல் கம்பெனியில் சூப்பர்வைசர் வழுக்கி விழுந்தது, இந்த மாதிரி. அதற்காகப் போய்த் தோளைத் தொடத் தோன்றுவதில்லை. இவ்வளவு நாளாகக் குடும்பம் என்று நாங்கள் நடத்தியதே அந்தச் சின்னப் பேச்சுகளைத்தான் என்று இப்போது தெரிகிறது.

மகளுக்குப் போன தை மாதம் கல்யாணம் முடிந்தது. அவருக்குப் பெரியபாளையம் போகிற ரோட்டில் ஒரு செடி விற்கிற தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறது. தண்ணீர் ஊற்றுவது, மண் கலந்து பையில் நிரப்புவது. அங்கே சத்தம் கிடையாது. முதலாளி நல்ல மாதிரி என்கிறார்.

சாயங்காலம் அவர் பஸ்ஸை விட்டு இறங்குவது ரோட்டுக்கு அந்தப் பக்கம். கல்கத்தா போகிற பெரிய ரோடு. லாரிகள் நிற்காமல் வரும். நான் தையல் முடித்து இந்தப் பக்கம் வந்து நிற்பேன். அவர் காலை இழுத்துக்கொண்டு ஓரத்துக்கு வந்து, ஒரு பக்கம் பார்ப்பார், மறுபக்கம் பார்ப்பார், மறுபடி பார்ப்பார். பிறகு இறங்கி நடப்பார். ஏதாவது வண்டி வேகமாக வந்தால் நான் கத்தினாலும் பிரயோசனமில்லை. அதனால் அவர் இந்தப் பக்கம் வந்து சேருகிற வரைக்கும், அவர் கண்ணில் படுகிற மாதிரி கையை மட்டும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.