அம்மாவின் சாம்பல் தண்ணீர்

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் எங்கள் ஊர் காஜா பெராங்கில் சோப்பு என்றால் அது எங்கள் அம்மா காய்ச்சிய சோப்புதான். பீற்றிக்கொள்கிறேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள், எனக்குக் கவலையில்லை. கடைகளில் சோப்பே இல்லாமல் போய், ஊரே சொறி பிடித்துக் கிடந்தபோது எங்கள் தெருப் பிள்ளைகளின் தோல் மட்டும் பளபளவென்றிருந்தது.

தேங்காய்மட்டைச் சாம்பலை ஓட்டை போட்ட தகர டின்னில் அடைத்து அம்மா தண்ணீர் ஊற்றுவார். கீழே சொட்டும் பழுப்புத் தண்ணீரைத் தொட்டால் விரல் வழுவழுக்கும். அதைச் சுண்டக் காய்ச்சிக் கோழியிறகைப் போட்டால் இறகு கரைந்து காம்பு மட்டும் மிஞ்சும். அப்பேர்ப்பட்ட காரம், தேங்காயெண்ணெயோடு சேர்ந்து வெந்தால் சாதுவாகிச் சோப்பாகிவிடும். மேலே தெறித்தால் கழுவ வாளித் தண்ணீரும், காரத்தை முறிக்க எலுமிச்சையும் பக்கத்தில் இல்லாமல் அம்மா அடுப்பைப் பற்றவைத்ததே இல்லை. அதுவரை யார் மேலும் ஒரு துளி பட்டதில்லை.

அந்தச் சமயத்தில் சயாமுக்கு ரயில்பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பக்கத்திலிருந்து போன ஒருவரும் திரும்பவில்லை. ஒரு சாயங்காலம் ஆள் சேர்க்கும் மண்டோர் வந்து, காலையில் அப்பா தயாராக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

விடிந்ததும் அம்மா என்னைக் கிணற்றடிக்கு அனுப்பினார். திரும்பி வந்தால், அப்பாவின் இரண்டு கைகளும் மணிக்கட்டுவரை வெந்து கொப்பளித்திருந்தன. அம்மா வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, தன் கவனக்குறைவால் காரப் பானை கவிழ்ந்துவிட்டதென்று தெருவுக்கே கேட்கும்படி அழுதார். மண்டோர் வந்து கைகளைப் புரட்டிப் பார்த்தார். மண்வெட்டி பிடிக்க முடியாதவனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அம்மாவைத் திட்டிவிட்டுப் போய்விட்டார்.

எனக்கு மானமே போயிற்று. எதிர்வீட்டு அக்கா, "புருஷன் கையையே அவிச்சிட்டா, இவ சோப்ப நம்பி எப்படிப் புள்ளைங்களுக்குப் போடறது?" என்று கேலி பேசினார். எங்கள் அம்மாவுக்குக் கை தவறவே தவறாது என்று அவரிடம் சண்டைக்கே போய்விட்டேன். அம்மா ஓடிவந்து என் காதைத் திருகி வீட்டுக்குள் இழுத்துப்போனார்.

"தப்பு என் மேலதான்டி. யாரு கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும்."

அன்று மதியம் அம்மா மரவள்ளிக்கிழங்கைப் பிசைந்து அப்பாவுக்கு ஊட்டிவிட்டார். வலியில் முகம் சுளித்துக்கொண்டே அப்பா அம்மாவைப் பார்த்துச் சிரித்தார், அம்மாவும் சிரித்தார். இத்தனை நாள் சேர்த்த நல்ல பெயர் ஒரே காலையில் போய்விட்டது, இந்த இரண்டு பேருக்கும் என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது என்று எனக்கு அப்படி ஓர் ஆத்திரம் வந்தது.