பத்தொன்பது நாள்

தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவின் கிழக்குச் சுவரில் அந்தப் படம் ஒட்டியிருந்தது. இலங்கையின் முதற் பிரதமர் ஒரு வயல் வரம்பில் நிற்கும் பத்திரிகைப் படம். கோதுமை மாப் பசை காய்ந்து ஓரங்கள் பழுத்திருந்தன. அதற்குக் கீழே, கூரை வளையிலிருந்து எட்டுத் துணித் தொட்டில்கள் தொங்கும். தாய்மார் கொழுந்தெடுக்க மலைக்குப் போன பிறகு அந்த எட்டுத் தொட்டில்களையும் ஆட்டுகிற பொறுப்பு ஒரே ஆளுடையது. தொட்டில் வேகமாக ஆடினால் அந்தக் காற்றில் படத்தின் கீழ் மூலை எழும்பும். ஒரு கையால் கயிற்றை இழுத்தபடியே மறு கையின் பெருவிரலால் அவர் அதை அழுத்திவிடுவார். எத்தனை தடவை பார்த்திருப்பேன்.

அவரைத் தோட்டத்தில் எல்லோரும் பிள்ளைக்காம்பரா அம்மா என்றே அழைத்தார்கள். கணவர் இளவயதிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். ஒரே மகள். கூடவே, தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் அடுத்த காம்பராவில் வாய் ஓயாத தங்கை ஒருத்தி, கொழுந்து எடுப்பவள். நான் அப்புத்தளைக்குக் கீழே இருந்த அந்தத் தோட்டக் கந்தோருக்கு இருபது வயதில் யாழ்ப்பாணத்திலிருந்து கிளாக்கராக வந்தவன். என்னைவிட அவருக்கு ஆறேழு வயது கூட. ஆனாலும் அந்தக் காலத்து வழக்கப்படி நான் அவரை 'நீர்' என்றேன், அவர் என்னை 'ஐயா' என்றார். என் பழைய டயறிகளில் அவரை 'அவள்' என்றே எழுதியிருக்கிறேன். இப்போது அப்படி எழுதக் கை வரவில்லை.

சென்ற மாதம் பதுளை வாசிகசாலையைச் சேர்ந்த இரண்டு இளம் ஆசிரியர்கள் என்னிடம் வந்தார்கள். முதற் பிரதமரின் ஆட்சி பாராட்டுக்குரியதா, பழிக்குரியதா என்று ஒரு விவாதம் வைக்கிறார்களாம். ஒழுங்கான மனிதர், பத்திரிகைத் துண்டுகளையெல்லாம் சேர்த்து வைத்திருப்பவர் என்பதால் பாராட்டும் பக்கத்தில் என்னைப் போட்டிருந்தார்கள். ஒப்புக்கொண்டு குறிப்பெடுக்கவும் தொடங்கினேன். பாராட்ட விஷயம் இல்லாமல் இல்லை. ஒரு துளி இரத்தம் சிந்தாமல் நாட்டின் ஆட்சி கைமாறியது. காடு மூடிக் கிடந்த குளங்கள் திருத்தப்பட்டன, நிலமில்லாதவர்களுக்கு நிலம் கிடைத்தது. இவற்றை எழுதி முடித்துத் தாளைத் திருப்பியபோது, மறுபக்கத்தில் என் கை ஒரே ஒரு வரியைத்தான் எழுதியது: பன்னிரண்டு மாதமும் பத்தொன்பது நாளும். அதற்கு மேல் ஓடவில்லை. விவாதத்துக்கு வர இயலாது என்று அவர்களுக்குக் கடிதம் அனுப்பிவிட்டேன். காரணத்தை அதில் எழுதவில்லை. இங்கே எழுதுகிறேன்.

சுதந்திரம் கிடைத்த அதே வருடத்தில் வந்த சட்டத்தால் தோட்டத்து மக்கள் குடிமக்கள் அல்லாதவர்கள் ஆனார்கள், அதனால் ஓட்டும் போனது. அதற்கு அடுத்து வந்த சட்டம் ஒரு சிறு கதவைத் திறந்தது. குறித்த காலம் முழுவதும் இந்த நாட்டிலேயே தொடர்ந்து வாழ்ந்ததை நிரூபித்தால் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம். இடையில் ஊருக்குப் போய் வந்திருக்கலாம், ஆனால் ஒரே பயணத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வெளியே தங்கியிருக்கக் கூடாது. விண்ணப்பிப்பதா, மறுப்பதா என்று தொழிற்சங்கக்காரர்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு கடைசி மாதங்களில் எல்லோரும் ஒன்றாக ஓடிவந்தார்கள். எங்கள் தோட்டத்துப் படிவங்களில் பெரும்பாலானவற்றை நான்தான் நிரப்பினேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது. நல்ல சட்டம் நேரான கேள்வி கேட்கிறது, நேரான பதில் சொல்பவனுக்கு அது தீங்கு செய்யாது என்று நான் உண்மையாகவே நம்பினேன். பிள்ளைக்காம்பராச் சுவரில் இருந்த படம்கூட என் பத்திரிகையிலிருந்து நான் வெட்டிக் கொடுத்ததுதான்.

அந்த அம்மாவும் தங்கையும் ஒரு பிற்பகல் கந்தோர் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றார்கள். தொழிலாளர் கந்தோருக்குள் வரும் வழக்கம் இல்லை. மகளின் பெயரும் தாயின் விண்ணப்பத்திலேயே சேரவேண்டும். நான் உள்ளே மேசையில் இரண்டு புத்தகங்களைத் திறந்து வைத்திருந்தேன். ஒன்று தோட்டத்துச் செக்ரோல். யார் எந்த நாள் வேலைக்கு வந்தார், யாருக்கு முழுநாள் கூலியான முழுப்பேர், யாருக்கு அரைப்பேர் என்று நாளுக்கு நாள் குறிக்கும் பெரிய புத்தகம். மற்றது என் டயறி.

மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அந்த அம்மா அவளுக்குக் காது குத்தத் திருச்சிப் பக்கத்திலுள்ள குலதெய்வக் கோயிலுக்குப் போனார். போய்ச் சேர்ந்த வாரத்திலேயே மாமனார் இறந்துவிட்டார். சாவு விழுந்த வீட்டில் வருடம் திரும்பும் வரை நல்ல காரியம் எதுவும் செய்ய மாட்டார்கள். பிள்ளைக்குக் காது குத்தாமல் திரும்பவும் மனம் வரவில்லை. ஆகவே ஆண்டுத் திவசம் முடியும் வரை காத்திருந்து, காது குத்திக்கொண்டு கப்பலேறினார். அதுவரை பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டியவள் தங்கை. அக்காவின் இடம் பறிபோகக் கூடாதென்று, போன முதல் மாதமும் திரும்பி வருவதற்கு முந்திய சில வாரங்களும் அக்காவின் பெயரிலேயே கங்காணி பேர் போட்டிருந்தார். தோட்டங்களில் இது சாதாரணம். அதனால் செக்ரோலின்படி அந்த அம்மா இல்லாதிருந்தது பதினொரு மாதம் மட்டுமே.

ஆனால் அவர் ரயிலேறிய நாளன்று நான் தபாலெடுக்க அப்புத்தளை ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். வேலைக்கு வந்த புதிது. கண்டதையெல்லாம் எழுதுகிற வயது. அன்றைக்கும் எழுதினேன், அவர் திரும்பி வந்த அன்றைக்கும் எழுதினேன்.

"ஏறக்கொறைய ஒரு வருசமுங்க," என்றார் அந்த அம்மா. "செக்ரோல்ல பாருங்க ஐயா. அதுல உள்ளதத்தானே கேப்பாங்க?"

"செக்ரோலில பதினொரு மாசந்தான் கிடக்கு. ஆனா உம்முடைய பயணத்தை நான் அண்டைக்கே டயறியில எழுதிப்போட்டன். பன்னிரண்டு மாசமும் பத்தொன்பது நாளும்."

தங்கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். "அடியாத்தி! ஒங்க டயரிய கொழும்புல யாருங்க படிக்கப் போறா?"

"ஒருத்தரும் படிக்கமாட்டினம். ஆனா இது சத்தியக் கடதாசி. தெரிஞ்சுகொண்டு பிழையா எழுத எனக்கு ஏலாது."

"பாத்தியா அக்கா, நாம எப்ப போனோம் எப்ப வந்தோம்னு கட்டுன புருசனுக்குக்கூட தெரியாது. ஐயாவுக்குத் தெரியுது!" என்று அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "வேணாங்க ஐயா. அந்தப் பத்தொம்பது நாள விட்டுருங்க. ஓட்டுப் போட்ட கைய ஒடிச்சவுக, இத மட்டும் சும்மா விடுவாகளா?" என்றாள்.

அந்த அம்மா தங்கையின் தோளில் தட்டி அடக்கினார். அவர் அன்று சொன்னதை ஒரு சொல் மாறாமல் குறித்து வைத்திருக்கிறேன்.

"நடந்தத நடந்தபடி எழுதட்டும்டி. அந்தப் பெரிய மனுசரு வயக்காட்டு மண்ண மிதிச்சவரு. எழவு விழுந்த வீட்டுல வருசம் திரும்பாம காது குத்தக் கூடாதுன்னு அவருக்குத் தெரியாதா? சொன்னா புரிஞ்சுக்குவாரு."

ஒரு நாட்டின் சட்டத்தைத் தன் லயத்தில் இருக்கும் மூத்தவர் ஒருவரைப் போல அவர் நினைத்தார். காரணம் சொன்னால் கேட்கும், துக்கம் என்றால் தலையசைக்கும் என்று. அதைத் திருத்த வேண்டிய நான், அந்த நம்பிக்கையை என் வசதிக்கு எடுத்துக்கொண்டேன். பத்தொன்பது நாளையும் எழுதினேன். மாமனாரின் மரணத்தையும் எங்கள் மக்களின் வழக்கத்தையும் விளக்கித் தனியாக ஒரு தாள் ஆங்கிலத்தில் எழுதி, ஊசி குத்தி இணைத்தேன். அந்தத் தாளை மூன்று முறை நகலெடுத்தேன், கையெழுத்து நேராக வரவேண்டும் என்பதற்காக. அவர் பெருவிரல் ஒப்பம் வைத்தார்.

விசாரணைக்கு அழைப்பு வரும் முன்பே பிரதமர் இறந்துபோனார். செய்தி வந்த அன்று அந்த அம்மா படத்தைச் சுற்றிச் செவ்வந்திப் பூக்களை நூலில் கோத்து மாட்டினார். தொட்டில் பிள்ளைகளுக்குப் பாட்டுப் பாடவில்லை. தங்கை வாசலில் நின்று, "செத்தவருக்குப் பூவு. நமக்கு என்ன வச்சிட்டுப் போனாரு?" என்று கேட்டாள். "செத்த வீட்டுல வாயக் குடுக்காத," என்றார் அக்கா. அவ்வளவுதான்.

விசாரணை பதுளையில் நடந்தது. பஸ்ஸில் நானும் கூடப் போனேன். விசாரித்த அதிகாரி முரட்டு மனிதரல்ல. அந்த அம்மாவை உட்காரச் சொன்னார், எங்கள் கந்தோரில் நான் ஒருநாளும் செய்யாத காரியம். என் விளக்கத் தாளை முழுவதும் வாசித்தார். பிறகு ஊசியைக் கழற்றி, தாளை நாலாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "நல்ல கையெழுத்து," என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் இதைப் பார்க்க எனக்குச் சட்டத்தில் இடமில்லை. பன்னிரண்டு மாதத்துக்கு மேலா, இல்லையா என்பது மட்டும்தான் கேள்வி."

"என்ன சொன்னாருங்க ஐயா?"

சொன்னதை அப்படியே சொன்னேன். அந்த அம்மா அதிகாரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரிக்கு விளங்கும் மொழியில் யாராவது ஒருமுறை சொன்னால் அந்த மனிதர் ஒத்துக்கொண்டுவிடுவார் என்று எண்ணியிருப்பார் போலும். நிராகரிப்புக் கடிதம் சில மாதங்களில் வந்தது.

இங்கே என்னைப் பற்றிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். என் தகப்பனார் மலாயா ரயில்வேயில் வேலை பார்த்தவர். என் சிறுவயதின் ஆறு வருடங்கள் அங்கேதான் கழிந்தன. அந்த ஆறு வருடத்தைப் பற்றி இந்த நாட்டில் எவரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. தகப்பன் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்பது எனக்குப் போதுமாயிருந்தது. அந்த அம்மாவுக்கோ, ஒரு தலைமுறைப் பிள்ளைகளைத் தொட்டிலில் ஆட்டியதும் போதவில்லை. அந்தச் சட்டங்களை ஆதரித்துக் கையுயர்த்தியவர்களில் எங்கள் பக்கத்துத் தமிழர் சிலரும் இருந்தார்கள். அதையும் அப்போது பத்திரிகையில் வாசித்தேன், வெட்டி ஒட்டிவைத்தேன், என் வேலையைப் பார்த்தேன்.

பத்தொன்பது நாளை எழுதாமல் விட்டிருந்தால் அவருக்குக் கிடைத்திருக்குமா? தெரியாது. பதுளைக் கடைவீதியில் மனு எழுதுபவரிடம் எழுதுவித்த சிலருக்கு, செக்ரோலில் இதைவிடப் பெரிய இடைவெளிகள் இருந்தும், கிடைத்தது. எல்லாம் சரியாக இருந்த சிலருக்குக் கிடைக்கவில்லை. தெரியாது என்பதுதான் என்னை விடாமல் பிடித்திருக்கிறது. தெரிந்திருந்தால் ஒருவேளை மன்னிப்போ தண்டனையோ கிடைத்து அது முடிந்திருக்கும்.

நாளடைவில் அவர்களுடைய வாழ்வு சுருங்கியது. பிரஜாவுரிமை இல்லாத பெண்ணுக்கு இங்கே என்ன எதிர்காலம் என்று சொந்தக்காரர்கள் சொல்லச் சொல்ல, மகளைத் திருச்சியிலிருந்த தாய்மாமன் மகனுக்குக் கட்டிக்கொடுத்தார். அந்த அம்மாவுக்கு இந்தத் தோட்டத்தை விட்டுப் போக மனமில்லை. போனால் திரும்பி வர அனுமதி கிடைக்காது. மகளின் முதல் பிரசவத்துக்குப் போகவில்லை. இரண்டாவதுக்கும் போகவில்லை. மற்றவர்களின் பிள்ளைகளைத் தொட்டிலில் போட்டு ஆட்டிக்கொண்டு இருந்தார். மூன்றாவது பிரசவத்தில் மகள் படுத்த படுக்கையாகிவிட்டாள் என்று கடிதம் வந்தது. கந்தோரில் அதை அவருக்கு வாசித்துக் காட்டியவன் நான். வாசித்து முடித்ததும், "டிக்கட்டுக்கு எழுதிக் குடுங்க ஐயா," என்றார். ஆறு மாதத்துக்கு முன்னர் அப்புத்தளையில் ரயிலேறினார். அன்று மூடுபனி. என்னிடம் அவர் கடைசியாகச் சொன்னது, எட்டாம் தொட்டிலின் கயிறு நைந்துபோயிருக்கிறது, மாற்றச் சொல்லுங்கள் என்பதுதான்.

ஆசிரியர்கள் கேட்ட கேள்விக்கு என் பதில் இதுதான். அந்தப் பிரதமர் திருத்திய குளங்களில் நீர் நிற்கிறது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு மனிதரின் வாழ்வு முழுவதையும் தள்ளி வைத்துவிட்டு ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேட்கும் சட்டத்தை இயற்றிய ஆட்சி அவருடையது. குளங்களைக் காட்டி அதைக் கழித்துவிட முடியாது. பழி அவருக்குத்தான். ஆனால் அவ்விதச் சட்டம் நடப்பதற்கு அதைச் சந்தேகிக்காத, ஒழுங்கான, நல்ல கையெழுத்துள்ள ஆட்கள் நாடெங்கும் தேவை. எங்கள் தோட்டத்தில் அந்த ஆள் நான். அவர் மீது பழியைச் சொன்ன பிறகும் என் மீதுள்ளது ஒரு துளியும் குறைந்ததாகத் தெரியவில்லை.

பிள்ளைக்காம்பரா இப்போது தங்கையின் பொறுப்பில் இருக்கிறது. போன வாரம் அவள் ஒரு கடிதத்தை எடுத்துக்கொண்டு கந்தோருக்கு வந்தாள். நான் அவளை உள்ளே அழைத்து நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை, மேசைக்கு அருகே நின்றாள். கடிதத்தை வாசித்தேன். மகள் தேறிவிட்டாளாம். அங்கே தெருவில் அந்த அம்மாவைச் சிலோன்காரி என்றுதான் கூப்பிடுகிறார்களாம். ரேஷன் கார்டில் பெயர் சேர்க்க எத்தனை வருடம் ஊரில் இருந்தாய் என்று கேட்கிறார்களாம்.

"அங்கயும் அதேதான் கேக்குறாங்களா!" என்று தங்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. "சரி, பதில் எழுதுங்க ஐயா. இங்க எல்லாரும் சொகமா இருக்கோம். மழை நல்லா பேயுது. கங்காணி மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சிருச்சு. தொட்டில் கயிறு மாத்தியாச்சு."

ஒவ்வொன்றாக எழுதினேன்.

"கடைசியா அக்கா ஒங்களக் கேட்டிருக்கால்ல, ஐயா எப்படி இருக்காருன்னு? அதுக்கும் எழுதணும்ல."

"என்னெண்டு எழுத?"

"ஐயா மனசுல ஒரு கொறையும் இல்லாம சந்தோசமா இருக்காருன்னு எழுதுங்க. இல்லாட்டி அவ அங்க கெடந்து வெசனப்படுவா."

பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. அவள் சொன்னபடியே, ஒரு சொல் மாறாமல் எழுதினேன்.